பள்ளத்துக்கு முந்தைய நூறு மீட்டர்

வட சென்னையில் ரோட்டில் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்வது பெரும்பாலும் ஒரு மரக்கிளைதான். வேப்பங்கிளையோ பூவரசோ, கைக்கு எட்டியதை ஒடித்து யாரோ குழிக்குள் நட்டு வைத்திருப்பார்கள். கிளை கிடைக்காவிட்டால் பழைய டயர், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, சாக்கு கட்டிய கம்பு. வைத்தவர் பக்கத்து டீக்கடைக்காரராக இருப்பார், இல்லையென்றால் ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன். வெட்டிவிட்டுப் போனவர் வைத்து நான் பார்த்ததில்லை.

இதை எழுதுகிற நான் வெட்டுகிறவர்கள் பக்கம் வேலை செய்கிற ஆள். ஒப்பந்த நிறுவனங்களில் தளப் பாதுகாப்புப் பிரிவு. மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், இப்போது மெட்ரோவுக்காகப் பழைய குழாய்களை இடம் மாற்றும் வேலை என்று போய்க்கொண்டிருக்கிறது. வீடு கொடுங்கையூரில். அதனால் பகலில் சாலையை மறிக்கிறவனும் நான்தான், சாயங்காலம் அதே மறிப்பில் சிக்கித் திட்டுகிறவனும் நான்தான்.

அந்தக் கிளையை நான் கேலி செய்ய மாட்டேன். உயரமாக நிற்கிறது, காற்றில் அசைகிறது, கண்ணில் படுகிறது. எங்கள் போர்டுகள் பலவற்றைவிட நன்றாகவே வேலை செய்கிறது. அதன் குறை ஒன்றுதான்: பள்ளத்துக்குள்ளேயே நிற்கிறது. கிளை புரிகிற நேரத்தில் பள்ளமும் வந்துவிடும். வருத்தம் என்னவென்றால், நிறைய செலவு செய்து தகரத் தட்டியும் பேரிகேடும் இறக்குகிற தளங்களிலும் இதே குறைதான் இருக்கிறது. பள்ளத்தைச் சுற்றி எல்லாம் இருக்கும், பள்ளத்துக்கு முன்னால் எதுவும் இருக்காது.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடும். ஒன்று கண்ணில் பட்டு, புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு நம் சாலை வடிவமைப்பில் இரண்டரை நொடி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குள்ளேயே 35 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு நிற்க இன்னொரு 25 மீட்டர். மொத்தம் 60 மீட்டர், அதுவும் சாலை ஒழுங்காக இருந்தால். வெட்டிய மண்ணும் சிதறிய ஜல்லியும் கிடக்கிற இடத்தில் இன்னும் நீளும். நிற்க 60, ஒதுங்கிப் போக மிச்சம் என்று வைத்து, பெரிய சாலை என்றால் முதல் போர்டை 100 மீட்டர் முன்னால் கொண்டுபோய் வை என்று நான் தளத்தில் சொல்வேன். "அவ்ளோ தூரமா சார்? அது நம்ம சைட்டே இல்லையே" என்பார்கள்.

நம்ம சைட்தான். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 என்பது அதன் எண். 2001இல் வந்தது, 2014இல் திருத்தி வெளியிட்டார்கள். வேலை நடக்கும் இடத்தை அது நான்காகப் பிரிக்கிறது. முன்னால் வேலை இருக்கிறது என்று அறிவிக்கும் பகுதி, வண்டிகள் தங்கள் வழியை விட்டு ஒதுங்கும் பகுதி, வேலை நடக்கும் பகுதி, பழைய வழிக்குத் திரும்பும் பகுதி. தளக் கூட்டங்களில் பேச்செல்லாம் மூன்றாவதைப் பற்றித்தான், ஏனென்றால் பில் போடுவது அதற்குத்தான். முதல் இரண்டு பகுதிகளும் யார் வீட்டுச் சொத்தோ என்பதுபோலக் கிடக்கும்.

ஒதுங்கும் பகுதியில் கோன்களை, அதாவது அந்த ஆரஞ்சுக் கூம்புகளை, நீளமாக, சாய்வாக வரிசை வைக்க வேண்டும். பாதி இடங்களில் சாலைக்குக் குறுக்கே நேராக ஒரு பேரிகேடைப் போட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். சாய்வு வரிசை இருந்தால் முதல் கோனைப் பார்த்த இடத்திலிருந்தே கை தானாக ஹேண்டிலைத் திருப்பும். குறுக்கே நிற்கிற பேரிகேட் என்றால் கடைசி நேரத்தில் ஒடிக்க வேண்டும். அந்த நேரத்தில் வலது பக்கம் என்ன வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் வலது பக்கம் வருவது கன்டெய்னர் லாரி.

மற்ற இடங்களுக்கு எழுதிய விதி அப்படியே செல்லாத சாலை அது. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் காசிமேடு பக்கம் இடது ஓரமாக வரிசை கட்டி நிற்கிற நாட்களில், இடது லேன் என்று ஒன்று இருப்பதாகவே கணக்கில் எடுக்க முடியாது. அங்கே வேலைக்காக இன்னொரு லேனை அடைத்தால் பைக்கில் வருகிறவருக்கு மிஞ்சுவது டிரெய்லர் சக்கரத்துக்கும் சாலை நடுவில் இருக்கிற மீடியன் தடுப்புக்கும் நடுவில் ஒரு சந்து. போர்டு விஷயத்திலும் அதே கதைதான். இடது ஓரத்தில் நட்ட போர்டு, நிற்கிற கன்டெய்னருக்குப் பின்னால் முழுசாக மறைந்துவிடும். ஆய்வுக்கு வருகிறவர் காலை பத்து மணிக்கு வந்து, வரிசை இல்லாத நேரத்தில் பார்த்து, போர்டு இருக்கிறது என்று டிக் அடித்துவிட்டுப் போவார். அந்த மாதிரி இடத்தில் மீடியனிலும் ஒரு போர்டு வேண்டும். எழுத்தைவிட அம்புக்குறி பெரிதாக இருக்க வேண்டும். அந்தச் சாலையில் ஓடுகிற டிரைவர்களில் ஆந்திராக்காரர் உண்டு, வடக்கத்தியர் உண்டு, தமிழ் படிக்கத் தெரியாமல் நம் ஊரிலேயே பிறந்தவரும் உண்டு. எல்லோருக்கும் அம்பு புரியும்.

டிரெய்லர் திரும்புகிற முனையில் வேறு ஒரு சிக்கல். 40 அடி கன்டெய்னர் என்றால் 12 மீட்டருக்கு மேல் நீளம். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, திருப்பத்தின் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். ஒரு தளத்தில் தினமும் காலையில் அதே மூலையில் கோன்கள் நசுங்கிக் கிடந்தன. சூப்பர்வைசருக்கு டிரைவர்கள் மேல் கோபம். ஓரமாக நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரிக்கார அண்ணனிடம் கேட்டேன். "என்னா தம்பி பண்றது, முன்னாடி பாத்து ஒடிச்சா பின்னாடி ஏறிடுது. இந்த முனைய ரெண்டு ஆள் அளவு உள்ள தள்ளி வெச்சுப் பாரு, ஒரு கோன் சாவாது" என்றார். தள்ளி வைத்தோம், நசுங்குவது நின்றது. கோன் போனால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் நிழல் தேடி வந்து நிற்கிற மூலையும் அதுதான்.

இரவு வேலை என்றால் சாலை காலியாக இருக்கும் என்ற நினைப்பு தென் சென்னையில் எடுபடலாம். இங்கே பகலில் கட்டுப்பாடு இருப்பதால் கனரக வண்டிகள் இரவில்தான் அதிகம். விடியற்காலைக்கு முன்பே காசிமேட்டுக்கு மீன் எடுக்க வருகிற ஆட்டோவும் டூவீலரும் கிளம்பிவிடும். திரும்பும்போது மீன் கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டப் போவார்கள். அவசரத்தில் போகிறவர், பின்னால் பாரம், கீழே ஈரம், முன்னால் நம் பள்ளம்.

இரவில் எல்லாம் ஒளிரும் ஸ்டிக்கரை நம்பித்தான் இருக்கிறது. அந்த ஸ்டிக்கரின் குணம் தளத்தில் இருக்கிறவர்களுக்கே சரியாகத் தெரியாது. விளக்கு எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பொருள் அது. ஓரமாக நின்று பார்க்கிற நமக்கு மங்கலாகத்தான் தெரியும், ஹெட்லைட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் பளிச்சென்று அடிக்கும். சோதிக்க ஒரு சுலபமான வழி: செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு அறுபது எழுபது தப்படி தள்ளி நின்று போர்டைப் பாருங்கள். நல்ல ஸ்டிக்கர் என்றால் கண்ணைப் பறிக்கும். டார்ச்சைக் கையை நீட்டி இடுப்புக்குக் கீழே கொண்டுபோனால் அதே போர்டு மங்கிவிடும். புதிதாகச் சேருகிற பையன்களுக்கு முதல் நாள் இதைத்தான் காட்டுவேன். கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் சொல்லித்தர வேண்டியதில்லை.

மணலி, மாதவரம் பக்கம் அந்த ஸ்டிக்கருக்கு ஒரு வாரம் வாழ்வு இருந்தால் அதிகம். கிழிந்து போவதில்லை, புழுதி படிந்துவிடும். லாரி கிளப்புகிற மண்ணும் டீசல் புகையும் சேர்ந்து ஒரு பூச்சாகப் பிடித்துக்கொள்ளும். பகலில் பார்த்தால் ஆரஞ்சு ஆரஞ்சாகத்தான் இருக்கும், வெள்ளை கொஞ்சம் பழுப்பாக இருக்கும், அவ்வளவுதான். இரவில் செத்த போர்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு ஆளிடம் ஈரத்துணியும் பக்கெட்டும் கொடுத்து எல்லா கோனையும் போர்டையும் துடைக்க வைப்பதைவிட மலிவான பாதுகாப்பு வேலை எனக்குத் தெரியாது. இந்த ஒரு வேலைக்கு ஆள் கேட்டுத்தான் நான் அதிகம் சண்டை போட்டிருக்கிறேன். "தொடைக்கறதுக்கு ஒரு ஆளா சார்?" என்பார்கள்.

இரவு என்றால் கயிறு. கோன் தீர்ந்துபோனால் இரண்டு கம்பியை நட்டு நடுவில் ஒரு நைலான் கயிறு கட்டிவிடுவார்கள். இருட்டில் அது கண்ணுக்கே தெரியாது. பைக்கில் வருகிறவரின் கழுத்து உயரத்தில் இருக்கும். சிவப்பு வெள்ளை ரிப்பன் என்றாலாவது வண்டி மோதினால் அறுந்துவிடும். வெறும் கயிறு கட்டுவதற்குப் பதில் ஒன்றுமே கட்டாமல் விடலாம் என்பது என் கட்சி.

கொடி பிடிக்கிற பையன்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பெரும்பாலும் ஒடிசா, ஜார்கண்ட், பீகார் பக்கத்துப் பிள்ளைகள். மண் அள்ளவோ கம்பி கட்டவோ இன்னும் பழகாதவனைக் கொடியோடு நிறுத்திவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். தளத்திலேயே மிக ஆபத்தான இடத்தில் மிகப் புதியவன். அவன் காலையிலிருந்து கொடியை ஆட்டிக்கொண்டே இருப்பான். எந்நேரமும் ஆடுகிற கொடியை டிரைவர்கள் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். ஒருவன் என்னிடம், "லாரி அண்ணா பாக்கவே இல்ல சார்" என்றான். பார்க்க மாட்டார் தம்பி, வண்டி வரும்போது மட்டும் தூக்கு, டிரைவர் முகத்தைப் பார்த்துத் தூக்கு, வண்டிகளுக்கு முதுகைக் காட்டாதே, உன் பின்னால் ஓடி ஒதுங்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நில் என்று சொல்லிக்கொடுத்தேன். பேரிகேடுக்கும் லாரிக்கும் நடுவில் நிற்காதே என்பதை மட்டும் நடந்தே காட்டினேன். நிழலும் தண்ணீரும் ஆள் மாற்றமும் இல்லாமல் மே மாத வெயிலில் நான்கு மணி நேரம் நிற்கிறவனிடம் கவனத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை, அது வேறு.

ஒரு லேன் மட்டும் திறந்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி விடுகிற இடங்களில் இந்தப் பையன்களின் சாமர்த்தியம் தெரியும். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. வாக்கிடாக்கி தருவதாகச் சொல்லியிருப்பார்கள், வந்திருக்காது. செல்போனில் "கடைசி வண்டி ஆவின் வேன்" என்று இவன் சொல்வான், ஆவின் வேன் தாண்டியதும் அவன் எதிர்ப்பக்கத்தைத் திறப்பான். எந்த வழிகாட்டியையும் படிக்காமல் அவர்களாகவே கண்டுபிடித்த முறை.

சரி, வண்டியில் போகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் திறக்கும் வரை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நடந்து போனவர்களைக் கேளுங்கள். கடைக்கும் தகரத் தட்டிக்கும் இடையில் ஒரு ஆள் போகிற வழி, எதிரில் இன்னொருவர் வந்தால் ஒருவர் கடைப்படியில் ஏறி நிற்க வேண்டும். இப்போது அதே அனுபவம் மூலக்கடை, பெரம்பூர் பக்கம் நடக்கிறது. மாதவரம் பால்பண்ணையிலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகிற மூன்றாவது வழித்தடத்துக்காக 2022 அக்டோபரில் மாதவரத்தில் இறங்கிய சுரங்க எந்திரத்துக்கு நீலகிரி என்று பெயர் வைத்தார்கள். எந்திரம் பூமிக்கு அடியில் போய்விடும், நிலையம் கட்டுகிற இடத்தில் மேலே தட்டி நின்றுகொண்டே இருக்கும். மெட்ரோவைப் பாராட்ட ஒன்று உண்டு: தட்டி இடைவெளியில்லாமல் இருக்கிறது, போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிற மார்ஷல்கள் நிற்கிறார்கள். ஆனால் ஆள் உயரத்தைத் தாண்டிய தட்டி தெருமுனை வரைக்கும் வந்துவிட்டால், குறுக்குத் தெருவிலிருந்து மூக்கை நீட்டுகிற ஆட்டோ யாருக்கும் தெரியாது. முனையில் கொஞ்ச தூரத்துக்குத் தகரத்தை எடுத்துவிட்டுக் கம்பி வலை போட்டால் போதும். சில முனைகளில் போட்டிருக்கிறார்கள், சிலவற்றில் அந்தக் கம்பி வலை மேலேயும் பேனர் கட்டியிருக்கிறார்கள்.

வடிகால் வேலை வேறு மாதிரி. சின்னத் தெரு, வீட்டு வாசலை ஒட்டியே பள்ளம். வாசலிலிருந்து தெருவுக்கு வர ஒரு சென்ட்ரிங் பலகையைப் போட்டுவிட்டுப் போவார்கள். கான்கிரீட் பால் காய்ந்த பலகை, மழைத்தூறல் விழுந்தால் வழுக்கும், நடுவில் மிதித்தால் வளையும். கொடுங்கையூரில் ஒரு ஆயா பலகையின் இந்த முனையில் நின்றுகொண்டு, "ஏம்பா, நீங்க குதிச்சு ஓடிப்புடுவீங்க, நான் எப்புடிப்பா தாண்டுவேன்? ரெண்டு நாளா பால் வாங்கக்கூடப் போவலை" என்றது. இரண்டு பலகையைச் சேர்த்துக் குறுக்குச் சட்டம் அடித்து, ஒரு பக்கம் சவுக்குக் கட்டையில் கைப்பிடி கட்டுவதற்கு ஒரு தச்சருக்கு அரை மணி நேர வேலை. தண்ணீர் கேன் போடுகிற பையன் தோளில் கேனோடு அதே பலகையில் போகிறான். பிரசவத்துக்குப் போக வேண்டிய வீடு எது, படுத்த படுக்கையாக ஆள் இருக்கும் வீடு எது என்று வெட்டுவதற்கு முன்னால் தெருவில் ஒரு முறை நடந்து கேட்டுவிட்டால் அங்கே மட்டும் முதலில் மூடிவிடலாம். இந்த மாதிரித் தெருவில் 100 மீட்டர் போர்டு எல்லாம் நடக்காது. தெருவே அவ்வளவுதான் இருக்கும். பாதி திறந்து பாதி மூடி வைப்பதைவிட மொத்தமாக வண்டிகளை நிறுத்திவிட்டு, நடக்கிறவர்களுக்கு மட்டும் நல்ல வழி விடுவதே மேல் என்று நினைக்கிறேன். கொஞ்சம் திட்டு விழும், பரவாயில்லை.

பள்ளமே இல்லாத ஆபத்து ஒன்றும் உண்டு: மில்லிங். மேலே மேலே தார் போட்டு வீடுகள் பள்ளமாகிப் போனதால், பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. ஆனால் சுரண்டிய பிறகு தார் வரும் வரை பாதாளச் சாக்கடை மூடிகள் எல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். சுரண்டிய கோடுகளில் டூவீலர் டயர் தானாக இழுபடும். தட்டியும் இல்லை, கோனும் இல்லை, ஏனென்றால் அங்கே யாரும் எதையும் தோண்டவில்லை. ஒவ்வொரு மூடியைச் சுற்றியும் ஜல்லிக் கலவையைச் சரிவாக அணைத்துவிட்டால் சக்கரம் ஏறி இறங்கிவிடும். எத்தனை இடத்தில் செய்கிறார்கள் என்று உங்கள் தெருவில் பாருங்கள்.

மழை வந்தால் பள்ளமும் சாலையும் ஒரே மட்டமாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மாநகராட்சி சாலை வெட்ட அனுமதி கொடுப்பதை நிறுத்துவது அதனால்தான். நிறுத்துவதற்கு முந்தைய வாரம் எல்லாத் துறையும் அடித்துப் பிடித்து வெட்டும், அதுவும் நடக்கும். 2022 அக்டோபரில் இந்த நகரத்தில் ஒரு இளம் பத்திரிகையாளர் வடிகால் பள்ளத்தில் விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு சில வாரங்கள் எல்லாத் தளத்திலும் தட்டி முளைத்தது. அந்தச் சமயத்தில் கேட்ட அளவுக்குக் கோன் எனக்கு அப்புறம் எப்போதும் கிடைக்கவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் 198ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. சாலையை வடிவமைப்பவரோ கட்டுகிறவரோ பராமரிப்பவரோ விதிப்படி செய்யாததால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு உயிருக்கு அந்தத் தொகையா என்ற கேள்வி ஒருபக்கம் இருக்கட்டும். யாராவது விழுந்த பிறகுதான் இந்தப் பிரிவு கண் திறக்கிறது. அதற்கு முன்னால் வேலை செய்ய வேண்டியது ஒப்பந்தம். நான் பார்த்த பல ஒப்பந்தங்களில் குழாய்க்கு மீட்டர் கணக்கு, மண்ணுக்குக் கன மீட்டர் கணக்கு, போக்குவரத்துப் பாதுகாப்புக்கு மட்டும் 'ஒப்பந்ததாரர் பொறுப்பு' என்று ஒரு வரி. தனியாகக் காசு வராத வேலையில்தான் முதலில் கை வைப்பார்கள். கோனுக்கும் விளக்குக்கும் கொடி பிடிக்கிற ஆளுக்கும் மாதக் கணக்கில் தனி விலை போட்டு, இல்லாத நாளுக்குப் பிடித்தம் என்று எழுதினால், என்னைப் போன்றவர்கள் கெஞ்ச வேண்டியிருக்காது. இதைச் சொன்னால் டெண்டர் தொகை கூடிவிடும் என்பார்கள். கூடட்டும்.

உங்கள் பகுதியில் இப்படி ஒரு இடம் இருந்தால் மாநகராட்சியின் 1913க்குச் சொல்லுங்கள். பள்ளம் இருக்கிறது என்று மட்டும் சொன்னால், வேலை நடக்கிறது என்று பதில் வந்துவிடும். போர்டு இல்லை, விளக்கு எரியவில்லை, நடக்க வழி இல்லை என்று இல்லாததைச் சொல்லுங்கள். பக்கத்துத் தெருவிளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொன்னால், எங்கள் ஆட்களுக்கு இடம் தெரியவில்லை என்று சொல்ல வழியிருக்காது. படம் எடுப்பதாக இருந்தால் பள்ளத்தின் ஓரத்தில் நின்று எடுக்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் அனுப்புகிறார்கள். இரவில், வண்டி வருகிற திசையில் ஒரு அறுபது மீட்டர் பின்னால், சாலை ஓரமாக நின்று எடுங்கள். அதில் பள்ளம் இருப்பதே தெரியவில்லை என்றால் அந்தப் படத்தையே அனுப்புங்கள், கம்ப எண்ணோடு.